வகிடு எந்தப் பக்கம்?

எங்கள் பக்கத்தில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற இடம். மாடியில் டாக்டர் குடியிருப்பார், கீழே பத்துப் படுக்கை, வாசலில் ஒரு பழக்கடை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை “அம்மாவுக்கு நல்ல நர்சிங் ஹோம் பார்க்கணும்” என்று போனில் சொன்னால், இங்கே இருக்கிற சித்தப்பா ஒரு நொடி விழிப்பார். அந்தப் பிள்ளை சொல்கிற இடத்துக்கு நம்மிடம் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. முதியோர் இல்லம் என்று சொன்னால் காதில் ஒரு குற்றச்சாட்டு விழுகிறது. அதனால்தான் பலகைகளில் ‘கேர் ஹோம்’, ‘அசிஸ்டெட் லிவிங்’, ‘எல்டர் கேர்’ என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது.

பெயரோடு பொருளும் குழம்பிக் கிடக்கிறது. கோவையைச் சுற்றி வளர்ந்திருக்கும் ஓய்வுக்கால வீடுகள், நடமாடும் உடம்பும் கையில் பணமும் உள்ளவர்கள் வாங்கிக்கொள்வது. யாருமற்றவர்களுக்காகத் தொண்டு நிறுவனங்களும் கன்னியாஸ்திரிகளும் நடத்தும் இலவச இல்லம் வேறு. இந்த இரண்டிலும் சேராத இன்னொரு வகை இருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், நினைவு தப்பியவர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர்கள் ஆகியோரை மாதப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிற இல்லம். சென்னையின் புறநகர்த் தெருக்களில் வாடகை பங்களாக்களில் இப்படிப் பல இல்லங்கள் நடக்கின்றன. நான் எழுத வந்தது இவற்றைப் பற்றித்தான்.

போன மாதம் டெக்சஸிலிருந்து நண்பன் ஒருவன் ஐந்து இல்லங்களின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அப்பாவுக்காக. பத்து நாள் லீவில் வருகிறான். “எது நல்லதுன்னு சொல்லு, நீ அனுபவசாலி” என்றான். அனுபவசாலி என்பது உண்மைதான். அந்த அனுபவம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களைப் பாதி வளர்த்தது அவர்தான். 79 வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் 11ஆம் நாள் காலை “இன்னிக்கு டிஸ்சார்ஜ்” என்றார்கள். எங்களுடையது இரண்டு அறை வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பெரியம்மாவைத் தூக்கி உட்காரவைக்கவே இரண்டு ஆள் வேண்டும். ஏஜென்சியில் சொல்லி ஆள் வைத்தோம். பத்து நாளில் மூன்று பேர் மாறினார்கள். பிறகுதான் இல்லம் என்ற பேச்சே வந்தது. தேடுவதற்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அன்றைக்குப் பார்த்த மூன்றில் பெரியதைத் தேர்ந்தெடுத்தோம். வாசலில் நீரூற்று, கண்ணாடிக் கூண்டுக்குள் பிள்ளையார், முகம் தெரிகிற கிரானைட் தரை. மேலாளர் தன் டேப்லெட்டைத் திறந்து காமிராவைக் காட்டினார். “ஆபீஸ்ல இருந்தே நீங்க அம்மாவைப் பார்த்துக்கலாம் சார்.” அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வாரம் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்த நர்ஸ், என்னை வெளியே போகச் சொல்லாமல் “வாங்க, நீங்களே பாருங்க” என்று கூப்பிட்டார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உள்ளே சதை தெரிந்தது.

இல்லத்தில் போய்க் கேட்டேன். “வயசானா வர்றதுதான் சார்” என்றார்கள். வயதானால் நரை வரும். படுக்கைப்புண் அப்படி வருவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் மணிக்கணக்காக நசுங்கினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் சதை செத்துப்போகிறது. சிறுநீர் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்பது நர்சிங் படிப்பின் பால பாடம். உயிர் அடங்குகிற கடைசி நாட்களில், எவ்வளவு பார்த்தாலும் சிலருக்கு வந்துவிடுவது உண்டு. ஆனால் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு ஐந்தே வாரத்தில் வந்தது அந்தக் கணக்கில் சேராது. ஒருவரும் புரட்டவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு இல்லத்தின் மேல் இருந்த கோபத்தைவிட என் மேல் இருந்த கோபம் அதிகம். ஃப்ரிட்ஜ் வாங்க நான்கு கடை ஏறி இறங்கியவன் நான். கம்ப்ரெஸருக்கு எத்தனை வருஷம் கியாரண்டி என்று கேட்டவன். பெரியம்மாவை விட்டுவிட்டு வந்த இடத்தில், இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வெட்கம்தான். ‘வளர்த்தவளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டான்’ என்று ஊர் சொல்லப்போவது எனக்கு அப்போதே கேட்டுக்கொண்டிருந்தது. தப்புச் செய்கிறவனுக்குக் கேள்வி கேட்க வாய் வராது. சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும். இல்லம் நடத்துகிறவர்களில் கெட்டிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீரூற்றும் பிள்ளையாரும் நோயாளிகளுக்காக வைத்தவை இல்லை. படுக்கையிலிருந்து அவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. குற்ற உணர்வோடு படியேறுகிற பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வைத்தவை. அந்தக் கிரானைட் தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காலோடு நடக்கும் 80 வயதுக்காரருக்கு அதைவிட ஆபத்தான தரை வேறு கிடையாது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒரு கணக்கு. பெரியம்மா இருந்தால் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பார். இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணி வரை 10 மணி நேரம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒருவரை 5 முறை புரட்ட வேண்டும். ஒரு தளத்தில் படுத்த படுக்கையாக 12 பேர் என்றால் 60 முறை. புரட்டி, ஈரம் பார்த்து, வேண்டுமானால் டயப்பர் மாற்றி, துடைத்து, முதுகுக்குத் தலையணை வைக்க 8 நிமிடம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 480 நிமிடம். அதாவது 8 மணி நேரம், மூச்சுவிடாமல். நடுவில் ஒருவருக்கு வாந்தி, ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார், ஒருவர் அம்மா அம்மா என்று கத்துகிறார். கனமான உடம்பைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் அந்தத் தளத்துக்கு இரவில் ஒரே ஒரு பெண். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு அவளே இரவிலும் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் தூங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் ‘எத்தனை ஸ்டாஃப் இருக்காங்க’ என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. மேலாளர், கணக்கர், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரையும் சேர்த்து ஓர் எண் சொல்வார்கள். ‘நேத்து ராத்திரி இந்த மாடியில யார் யார் இருந்தாங்க, பேர் சொல்லுங்க’ என்று கேளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை. ஜிஎன்எம் படித்தவர் யார், ஏஎன்எம் யார், மூன்று வாரப் பயிற்சியோடு வந்த அட்டெண்டர் யார் என்று கேளுங்கள். அப்புறம், மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது ஓர் அட்டெண்டரிடம் ‘எத்தனை மாசமா இங்க இருக்கீங்க’ என்று சாதாரணமாகக் கேட்டுவிடுங்கள். நாலு பேரிடம் கேட்டு நாலு பேரும் ‘போன மாசம்தான் வந்தேன்’ என்றால், சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். வருகிற மாதம் இவர்களும் இருக்க மாட்டார்கள்.

போகிற நேரமும் முக்கியம். காலை 11 மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வரிசையாக உட்காரவைத்திருப்பார்கள். சாயங்காலம் 7 மணிக்குப் போங்கள். நினைவு தப்பியவர்களுக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில் பதற்றம் கூடும். வீட்டுக்குப் போகணும், அப்பா காத்துக்கிட்டிருப்பார் என்று வாசலுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் அவர்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை போங்கள். தீபாவளிக்கு மறுநாள் போங்கள். அமெரிக்காவில் இதற்கு எழுத்தில் சான்று கிடைத்தது. அங்கே நர்சிங் ஹோம்கள் தங்களிடம் எத்தனை பணியாளர்கள் என்று தாங்களே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வழக்கத்தை மாற்றி, 2016 முதல் சம்பளப் பட்டியலைத் தரச் சொன்னார்கள். பட்டியல் வந்ததும், சனி ஞாயிறுகளில் ஆட்கள் சட்டென்று குறைவது தெரிந்தது. 2022இல் வாரக்கடைசி ஆள் எண்ணிக்கையையும், இல்லங்களுக்கு அரசு கொடுக்கும் மதிப்பெண்ணில் சேர்த்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்பலாம். மூத்திர வாடை கொஞ்சம் அடித்தால் நான் ஓடிவிட மாட்டேன். இருபது பேர் டயப்பரில் இருக்கிற இடத்தில் காலை நேரத்தில் அது இருக்கும், பத்து நிமிடத்தில் போய்விட்டால் சரி. கண் எரிகிற அளவுக்கு ஃபினாயில் அடிக்கிற இடத்தைப் பார்த்துத்தான் பயம். அதேபோல, இல்லம் ‘அமைதியாக’ இருக்கிறது என்று மகிழக் கூடாது. 25 வயோதிகர்கள் இருக்கிற வீட்டில் முனகல், சண்டை, பழைய பாட்டு, யாரையாவது திட்டுவது எல்லாம் கேட்க வேண்டும். பட்டப்பகலில் எல்லோரும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். மருந்துச் சீட்டை வாங்கி, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் என்ன கொடுக்கிறார்கள், எந்த டாக்டர் எழுதினார், எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டில் கம்பியில் ஒரு துணிப்பட்டை முடிச்சோடு தொங்கினால் அது எதற்கென்று கேளுங்கள். ‘விழுந்துடக் கூடாதுன்னுதான்’ என்பார்கள். கை கட்டப்பட்டவர் இன்னும் திமிறுவார், திமிறினால் இன்னொரு மாத்திரை. அமெரிக்கா 1987இல் கொண்டுவந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், பணியாளர்களின் வசதிக்காக முதியவர்களைக் கட்டிவைப்பதையும் மருந்தால் அடக்குவதையும் தடுத்தது. நம்மிடம் அது இன்னும் கரிசனமாகவே கருதப்படுகிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பிரசுரத்தில் இருக்கும் மெனுவைப் படிக்காதீர்கள். ஊட்டுகிறவரைப் பாருங்கள். சாய்ந்து படுத்திருப்பவர் வாயில் ரசம் சாதத்தை வேகமாகத் திணித்தால் அது நுரையீரலுக்குப் போகும். முதியவர்களுக்கு வருகிற நிமோனியாவில் இப்படி வருவது உண்டு. நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் என்று ஊட்ட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி இல்லாத இல்லத்தில்தான் மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்ற யோசனை சீக்கிரம் வருகிறது. இன்னொன்று, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? பணியாளர் ஷிஃப்ட் முடிய வேண்டும் என்று பல இடங்களில் ஆறு மணிக்கே கஞ்சி கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் எட்டரைக்கு இட்லி. இரண்டுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. நம் வீட்டில் அதிகாலை ஐந்தரைக்குக் காபி குடித்துப் பழகிய கிழவர் மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த விதியும் அளக்காது. நாம்தான் கேட்க வேண்டும். எடை நோட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இளைத்தால், அது எச்சரிக்கை. எடை பார்க்கும் கருவியே இல்லாத இல்லங்களும் உண்டு.

‘இங்க யாரும் கீழ விழுந்ததே இல்லை’ என்று சொல்கிற இல்லத்தை உடனே ஒதுக்கிவிடுங்கள். வயதானவர்கள் விழுவார்கள். யார், எப்போது, எங்கே விழுந்தார், பிறகு என்ன செய்தோம் என்று தேதி போட்டு எழுதிவைத்திருக்கும் இடம்தான் நம்பத்தக்கது. புரட்டிய நேரம் எழுதும் தாளும் அப்படியே. அதில் ஒரு சிறு தந்திரம் இருக்கிறது. மதியம் 2 மணிக்குப் போகும்போது 6 மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு நீளமான முடி. பக்கவாதம் வந்த பிறகும் இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். முதல் இல்லத்தில் சேர்த்த மூன்றாம் நாள் நான் போனபோது முடி கழுத்தளவில் வெட்டப்பட்டிருந்தது. “பேன் வந்துடும் சார், எல்லாருக்கும் இப்படித்தான்.” யாரும் அவரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. 60 வருஷம் சேலை கட்டியவர் பூப்போட்ட நைட்டியில் இருந்தார். அந்தத் தளத்தில் இருந்த எல்லாப் பெண்களும் அதே முடி, அதே நைட்டி. படுக்கைப்புண்ணுக்கு முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டிய செய்தி அதுதான், புரியவில்லை. வெட்டினால் என்ன, சுத்தமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பெரியம்மாவை மாற்றிய இரண்டாவது இல்லத்துக்கு நீரூற்று கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி, பெயிண்ட் உரிந்த ஜன்னல், சந்துக்குள் ஆம்புலன்ஸ் திரும்பவே சிரமப்படும். 16 பேர்தான். நடத்துகிற அம்மாள் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். பெரியம்மாவை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்ததும், ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஓர் அட்டெண்டர் பெண் சீப்போடு வந்து நின்றாள். உடைந்த தமிழில், தன் தலையில் விரலால் கோடு இழுத்துக் காட்டி, “பாட்டிக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். வகிடு. இடது பக்கம் என்றேன். அன்றைக்கு நான் அங்கே வேறெதையும் சரிபார்க்கவில்லை. முறையாகப் பார்த்தால் அதுவும் தவறுதான். நல்ல மனசுள்ள இடத்திலும் ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருக்கலாம். அடுத்த வாரம் போய் மற்றதையெல்லாம் கேட்டேன்.

மொழி விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் இல்லாவிட்டால் இன்று நம் இல்லங்கள் பல நடக்கவே நடக்காது. நினைவு தப்பியவர்களோ இடையில் கற்ற மொழியை முதலில் தொலைத்துவிட்டு, தாய்மொழிக்கே திரும்பிப்போகிறார்கள். ‘நாக்கு வறளுது’ என்று ஒருவர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்குப் புரியவில்லை என்றால் அவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று. தொற்று வந்தால் குழப்பம் கூடி, ‘பாட்டிக்கு மறதி முத்திப்போச்சு’ என்று ஒரு பெயர். ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒருவராவது தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காமிராவைப் பற்றி நண்பர்களிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதுண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் ஜன்னல் என்பது தெரிகிறது. ஆனால் காமிராவுக்கு வாடை தெரியாது, தாகம் தெரியாது, போர்வைக்குக் கீழே இருக்கும் புண் தெரியாது. பெரியம்மாவின் புண் வளர்ந்த ஐந்து வாரமும் நான் தினமும் ஆபீஸிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அமைதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். போதாததற்கு, துணி மாற்றும்போதும் அந்தக் கண் விழித்திருக்கிறது. படம் யார் யாருக்குப் போகிறது என்பது எனக்குச் சொல்லப்படவே இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்பணம் எவ்வளவு, நடுவில் வெளியேறினால் எவ்வளவு திரும்பும், டயப்பரும் மருந்தும் பிசியோதெரபியும் மாதப் பணத்தில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டை இதற்கு நம்ப வேண்டாம். 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் 2024இல் மத்திய அரசு விரிவுபடுத்திய 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் மருத்துவமனைச் சேர்க்கைக்குத்தான். யாரும் கேட்கத் தயங்குகிற ஒரு கேள்வி உண்டு: ராத்திரி இரண்டு மணிக்கு உயிர் போனால் என்ன செய்வீர்கள்? சான்றிதழ் கொடுக்க டாக்டர் வருவாரா, ஃப்ரீஸர் பெட்டி வைப்பீர்களா, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் என்ன சொல்வீர்கள்? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிற இடத்தில் மரணத்தைப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். மூச்சு திணறினால் 108ஐக் கூப்பிட்டு ஐசியூவுக்கு அனுப்புவீர்களா, அல்லது இங்கேயே நிம்மதியாக இருக்கவிடுவீர்களா என்பதையும், அவருக்குப் பேச முடிகிறபோதே அவரைக் கேட்டு எழுதிவைத்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் ஒரு குடும்பம், டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில், தானே துப்பறிய வேண்டியிருப்பது என்ன நியாயம்? பிரியாணி சாப்பிடப் போகும் ஓட்டலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதாரத் தரமதிப்பீடு கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அம்மாவை விடுகிற இடத்துக்கு மதிப்பெண் கிடையாது. இங்கிலாந்தில் ஆய்வு ஆணையம் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்துக்கும் நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறது. அது ‘போதாது’ என்பதாக இருந்தாலும் இல்லம் அதைப் பார்வையில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். அமெரிக்காவில் முன்னறிவிப்பில்லாத ஆய்வு, அதிகபட்சம் 15 மாதத்துக்கு ஒருமுறை. அறிக்கை இல்லத்திலேயே எல்லோரும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும். 2008 முதல் நட்சத்திரக் கணக்கும் உண்டு. அந்த நட்சத்திரங்களில் கோல்மால் நடந்ததும் உண்மை. இல்லங்கள் தாமே கொடுத்த விவரங்களில் பொய் கலந்தது. அப்படியும் ஆய்வாளர் நேரில் போய் எழுதிய அறிக்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பெற்றோரைப் பார்க்கப் போகிற பிள்ளை கையில் அதை வைத்துக்கொண்டு போகலாம்.

நம்மிடம் இருப்பது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம். அதன் கண் முழுக்கப் பிள்ளைகள் மேல்தான். பார்த்துக்கொள்ளாத பிள்ளையிடம் கோட்டாட்சியர் மூலம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. நல்ல சட்டம், பலருக்கு உதவியிருக்கிறது. இல்லங்களைப் பற்றிய 19ஆம் பிரிவு, ஏழை முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி அரசு அமைக்க‘லாம்’ என்கிறது. ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் இல்லத்தில் இரவில் எத்தனை ஆள் இருக்க வேண்டும் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மனதிலும் அந்த வெட்கம்தான் இருந்திருக்கிறது: நல்ல பிள்ளை வீட்டில் வைத்துப் பார்ப்பான், இல்லம் என்பது கெட்ட பிள்ளையின் வேலை, அதற்கெதற்குத் தரம்? 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தைத் திரட்டும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. தனியார் இல்லங்களைப் பதிவுசெய்து தரம் வகுக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டில் இல்லங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது செய்திக்குறிப்பு வெளியிடுகிறார்கள். பதிவு செய்ததா என்பது வேறு, உள்ளே எப்படி இருக்கிறது என்பது வேறு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆசிரமத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளின் கதை வெளிவந்ததே, அது ஆய்வில் தெரியவந்ததா? அங்கே சேர்த்த முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போன ஆட்கொணர்வு மனுவால் தெரியவந்தது. நாடு முழுவதற்கும் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, புகார் சொல்லலாம். ஆனால் நினைவு தப்பியவர் எந்த எண்ணை அழுத்துவார்?

இத்தனைக்கும் இந்த மாநிலத்துக்கு அறிவு இல்லாமல் இல்லை. முதியோர் மருத்துவத்துக்கென்று 1978லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராஜன். கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே நம்மில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் 60 வயதைக் கடந்தவர்கள். ஓர் ஓய்வுபெற்ற நர்ஸையும் ஒரு சமூக நல அலுவலரையும், மாதத்தில் நாலு நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிவைக்க மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. அவர்கள் பார்த்ததை அரைப் பக்கம் தமிழில் எழுதி மாவட்ட இணையதளத்தில் போடட்டும். இரவில் எத்தனை ஆள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், போன மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள். இந்த மூன்று எண்களை வாசலில் ஒட்டச் சொல்லட்டும். நட்சத்திரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை ஆய்வாளர் நீங்களும் நானும்தான். சேர்க்கும் நாளோடு அந்த வேலை முடிவதும் இல்லை. ஆள் மாறுவார்கள், நடத்துகிறவர் விற்றுவிட்டுப் போவார், 16 பேர் 30 பேராவார்கள். அடிக்கடி ஆள் வந்து போகும் கட்டிலுக்குப் பணியாளர்களும் அடிக்கடி வருகிறார்கள் என்பதை இரண்டு வருஷமாகக் கண்ணால் பார்த்தேன். பெரியம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. நான் போகும்போது அவருடைய குதிகாலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். அந்த அட்டெண்டர் பெண்ணுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு அவளே போர்வையை விலக்கிக் காட்டத் தொடங்கினாள்.

டெக்சஸ் நண்பனுக்கு ஐந்தில் எதையும் தேர்ந்தெடுத்துச் சொல்லவில்லை. “படத்தை வெச்சு என்னால சொல்ல முடியாது. நாலாவதையும் அஞ்சாவதையும் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரைக்குச் சொல்லாம போய்ப் பாரு” என்று எழுதினேன். ஞாயிறு மதியம் தனக்கு ஃப்ளைட் என்று பதில் வந்தது. டிக்கெட்டை மாற்ற முடியுமா பார்க்கிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மாற்றினானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.